அப்பாவின் ஹோண்டா சி70-ஐ வீட்டிலேயே ஓட வைத்த ஏழு மாதங்கள்

2023 ஜனவரியில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சித்தப்பா வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “என் மோட்டார் அங்கதானே இருக்கு?”

இருந்தது. பழைய கதவுப் பலகைகள், உடைந்த மீன் தொட்டி, ஒரு மூட்டை சிமெண்டு கல்லாகிப்போனது, இவற்றுக்கெல்லாம் அடியில் 1978-இல் அப்பா தவணைக்கு வாங்கிய நீல நிற ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள். கடைசியாக ஓடியது 2004-இல். இரண்டு டயரும் தரையோடு ஒட்டிப்போய், இருக்கைக்குள் எலி கூடு கட்டி, கிக்கரை மிதித்தால் அசையவே இல்லை. ஒரு நண்பரின் லாரியில் ஏற்றி கிள்ளானுக்குக் கொண்டுவந்து வீட்டு முன்னால் கார் நிற்கும் இடத்தில் இறக்கினோம். அப்பா ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தவர், அடுத்த ஏழு மாதமும் பெரும்பாலான சனி, ஞாயிறுகளில் அங்கேயேதான் இருந்தார்.

இந்த மோட்டார் எங்கள் வீட்டுக்கு என்ன என்று சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய், வெட்டி, மங்குகளில் இறங்கிய பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்கத் தோளில் சுமந்து, எடை போடும் நிறுவைக்குக் கொண்டுபோன ஆள். சி70 வந்த பிறகு அந்தச் சுமை தோளிலிருந்து பின்பக்கக் கேரியருக்கு இறங்கியது. நானும் அக்காவும் பள்ளிக்கூடம் போனதும் அதில்தான். இந்த வகை மோட்டாரை மலேசியாவில் எல்லா இனத்தவரும் கப்சாய் என்றுதான் சொல்வார்கள். ‘கப்’ என்ற ஹோண்டாவின் பெயரோடு, சின்னது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டிக்கொண்டது. பினாங்கின் லோ பூன் சியூதான் ஹோண்டாவை இங்கே கொண்டுவந்தவர் என்பதால் அப்பா வயதுக்காரர்கள் இன்றும் “பூன் சியூ ஹோண்டா” என்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏழு மாதமும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். அந்த வண்டியில் பத்தொன்பது வருஷத் துரு செய்த சேதத்தைவிட, அது ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவசரக் கைகள் செய்த சேதம் அதிகம். துரு மேலோட்டமாகத்தான் தின்றிருந்தது. பழுதுபார்த்தவர்கள் உள்ளே தின்றிருந்தார்கள். அதனால் பழைய வண்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘இது தேய்ந்ததா, இல்லை யாராவது செய்ததா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஸ்பேனரைத் தொடுமுன் கிராண்டை, அதாவது வண்டியின் பதிவு அட்டையைத் தேடினேன். அது அம்மாவின் பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே இருந்தது. இஞ்சினின் இடப்பக்க அடியில் பொறித்திருக்கும் எண்ணையும் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்த எண்ணையும் கம்பித் தூரிகையால் மெதுவாகத் துடைத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அப்புறம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அலுவலகத்தில் போய் விசாரித்துக்கொண்டேன். பிறத்தியாரிடம் பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்ய வேண்டும். எண் பொருந்தாத வண்டியில் போடும் காசு திரும்பி வராது. அடுத்தது படங்கள். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்தேன், நானூறுக்கு மேல் இருக்கும். கேபிள் எந்தப் பக்கமாக வளைந்து போகிறது, எந்த வாஷர் எந்தப் போல்டுக்கு என்பதெல்லாம் மூன்று மாதம் கழித்து ஞாபகம் இருக்கவே இருக்காது. கழற்றிய திருகுகளை ஜிப் பைகளில் போட்டு மேலே பேனாவால் எழுதி வைத்தேன். பக்க மூடியின் திருகுகள் நீளத்தில் ஒன்றுக்கொன்று வேறு என்பதால், ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகி வைத்தது ரொம்பவே உதவியது.

திருகுகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். ஜப்பானிய வண்டிகளில் இருக்கும் கூட்டல் குறித் திருகு, பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருந்தாலும் பிலிப்ஸ் இல்லை. ஜேஐஎஸ் என்று அவர்களுக்கு ஒரு தனித் தரம் உண்டு. பல திருகுகளின் தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும், அதுதான் அடையாளம். சாதாரண பிலிப்ஸ் முனையை வைத்துத் திருப்பினால் அது முழுக்க உட்காராது, பலம் கொடுக்கக் கொடுக்க வழுக்கி மேலே ஏறி, திருகின் தலையைத் தின்றுவிடும். அப்பாவின் வண்டியில் கிளட்ச் மூடியில் பாதித் திருகுகள் இப்படித் தலை போனவை, இரண்டை யாரோ உளியால் அடித்தே திருப்பியிருக்கிறார்கள், அலுமினிய மூடியில் அந்த உளியின் தழும்பு இன்றும் இருக்கிறது. நல்ல ஜேஐஎஸ் முனைகளும், சுத்தியலால் அடித்தால் அடியோடு திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்குங்கள். முந்தின நாள் இரவு துரு எண்ணெய் விட்டு, மறுநாள் சூடு காற்று காட்டி, திருகின் தலையில் நேராக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். நான் இவை எல்லாம் தெரிந்தும் ஒரு நாள் அவசரப்பட்டு ஸ்பார்க் பிளக்கைக் காய்ந்தபடியே கழற்றப் போய், சிலிண்டரின் தலைப்பகுதியின் மரையையும் சேர்த்துப் பிய்த்துவிட்டேன். பத்து மில்லிமீட்டர் மரைதான், மென்மையான அலுமினியம். பட்டறையில் மரை உறை போட்டுச் சரிசெய்ய அறுபது வெள்ளி (ரிங்கிட்) ஆனது. அன்று அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இஞ்சின் இறுகியிருந்ததா? ஆமாம். கிக்கர் மேல் ஏறி நின்று குதிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், பிஸ்டன் வளையமோ கிக்கர் பல்லோ உடையும். பிளக் துவாரம் வழியாக டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றி எட்டு நாள் விட்டேன். தினமும் இடப்பக்க மூடியைக் கழற்றி, ஃபிளைவீல் நட்டில் சாக்கெட்டைப் போட்டு முன்னும் பின்னுமாக ஒரு நூல் அளவு அசைத்துப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் ‘களுக்’ என்று விட்டது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

தலைப்பகுதியைத் திறந்ததும் கைகளின் கதை தெளிவாகத் தெரிந்தது. சி70-இன் தலையை நான்கு நட்டுகள் பிடித்திருக்கின்றன, ஆனால் நான்கும் ஒரே மாதிரி அல்ல. மூடி நட்டுகளும் ஒரு சாதாரண நட்டும் கலந்து வரும், வாஷர்களிலும் செம்பு ஒன்று உண்டு, அது எண்ணெய் ஏறும் வழியை அடைக்க. யாரோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நான்கிலும் கையில் கிடைத்த இரும்பு வாஷரைப் போட்டிருந்தார்கள். அப்பா பல வருஷம் ‘இந்த மோட்டார் எண்ணெய் கசியற மோட்டார்’ என்று நம்பியே ஓட்டியிருக்கிறார். இன்னொன்று அதைவிட மோசம். வால்வ் இடைவெளி இந்த இஞ்சினுக்கு ஆறியிருக்கும்போது 0.05 மில்லிமீட்டர். அந்த மெல்லிய டிக்டிக் சத்தம் பிடிக்காமல், சத்தமே வரக்கூடாது என்று யாரோ சுத்தமாக இடைவெளியில்லாமல் வைத்திருக்கிறார்கள். சூடேறினால் வால்வ் நீளும், நீண்டால் முழுதாக மூடாது, மூடாவிட்டால் எரியும் காற்று அந்த விளிம்பு வழியாகவே போய் அதைச் சுட்டுவிடும். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. புது வால்வ் வாங்கி, தேய்ப்புப் பசை தடவி, கையால் தேய்த்து உட்கார வைத்தேன். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஸ்பிரிங் மாட்டிய பிறகு, போர்ட்டுக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிஷம் விடுங்கள், எரியறைப் பக்கம் ஈரம் தெரியக்கூடாது.

மறுபடி பூட்டும்போது, வால்வுகளை இயக்கும் கேமின் செயின் குறிகளில் அவசரம் வேண்டாம். ஃபிளைவீலின் ‘டி’ குறி இஞ்சினின் குறியோடு நேராக நிற்க வேண்டும், அதே நேரத்தில் கேம் பல்சக்கரத்தின் வட்டக் குறி தலையில் இருக்கும் வெட்டுக்கு நேராக வர வேண்டும். பூட்டிய பிறகு கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி பாருங்கள். நான் மூன்று தடவை பார்த்தேன்.

அப்புறம் சிலிண்டர். 47 மில்லிமீட்டர் துவாரம், 41.4 மில்லிமீட்டர் ஓட்டம், 72 சிசிக்குக் கொஞ்சம் குறைவு. சுவரில் துருக் குழிகள் இருந்ததால் துவாரத்தைக் கடைந்து பெரிதாக்கி 0.50 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட முடிவுசெய்தேன். இங்கேதான் என் பெரிய தவறு. பிஸ்டன் வந்துசேர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் கடைசல் வேலை முடியட்டும் என்று சிலிண்டரை மட்டும் ஒரு கடையில் கொடுத்து “அரை போடுங்க”, அதாவது அரை மில்லிமீட்டர் பெரிதாக்குங்கள், என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்களும் பிஸ்டனைக் கேட்கவில்லை, போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாற்பது கிலோமீட்டரில், ஒரு சின்ன மேட்டில், வண்டி யாரோ பின்னாலிருந்து இழுப்பது மாதிரி மந்தமாகி, சட்டென்று பின்சக்கரம் இறுகியது. சி70-இல் கிளட்ச் கைப்பிடி கிடையாது, ஆனால் கியர் பெடலை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கிளட்ச் திறந்தே இருக்கும். கால் தானாகவே அழுத்திவிட்டது, ஓரமாக உருண்டு நின்றேன். திறந்து பார்த்தால் பிஸ்டனில் நான்கு மூலையிலும் உரசல் தழும்பு. இடைவெளி போதவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. பிஸ்டனுக்குப் பிஸ்டன் நுண்ணிய அளவில் வேறுபடும், அதனால் சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்தே கொடுத்து, ‘இந்தப் பிஸ்டனுக்கு இந்தத் துவாரம்’ என்று சொல்லி, அளந்து காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நல்லவேளையாக இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு பெரியவர் மைக்ரோமீட்டரை எடுத்து எனக்கு முன்னாலேயே அளந்து, துவாரச் சுவரை நுணுக்கமாகத் தேய்க்கும் ஹோனிங் செய்து கொடுத்தார். தழும்புகளை மெல்லத் தேய்த்து, புது வளையங்கள் போட்டதும் சரியானது.

டேங்க் இருக்கைக்கு அடியில். உள்ளே துரு சரளைக்கல் மாதிரிக் கொட்டியது. வெள்ளை வினிகரை நிரப்பி மூன்று நாள், கூடவே ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டு அவ்வப்போது குலுக்கல். கொட்டிய உடனே சமையல் சோடாத் தண்ணீரால் கழுவி, சூடான காற்றால் உலர்த்தி, அன்றே உள்ளே கொஞ்சம் எண்ணெய் சுழற்ற வேண்டும். ஒரு இரவு அப்படியே விட்டாலும் புதுத் துரு வந்து உட்காரும். இந்தப் பழைய ஆறு வோல்ட் சி70-இல் பெட்ரோல் குழாய்த் திருகு கார்புரேட்டரோடு சேர்ந்தே இருக்கிறது, டேங்கிலிருந்து இரண்டு ரப்பர் குழாய் வரும், ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, இன்னொன்று ரிசர்வுக்கு. இரண்டையும் யாரோ மாற்றி மாட்டியிருந்தார்கள். நினைத்துப் பாருங்கள், பெட்ரோல் முழுசாகத் தீர்ந்த பிறகுதான் வண்டி நிற்கும், ரிசர்வுக்குத் திருப்பினால் ஒன்றும் வராது. அப்பா இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பால் வாளியோடு அத்தனை தூரம் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போன நாட்களைச் சொன்னார்.

கார்புரேட்டரில் ஜெட் துவாரங்களை எஃகுக் கம்பியால் குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும், பிறகு கலவை ஒருபோதும் சரியாக வராது. மின்வயரை உரித்து அதில் ஒரு செம்பு இழையை எடுத்தால் போதும். நான் பழைய ஜெட்டுகளை வைத்துக்கொள்ளவே இல்லை, அவற்றில் ஏற்கெனவே யாரோ குத்தியிருந்தார்கள்.

மின்சாரப் பகுதியைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், ஆனால் ஹோண்டாவில் வயர் நிறங்கள் ஒழுங்கானவை. பச்சை என்றால் எர்த், சிவப்பு பேட்டரியிலிருந்து வருவது, கறுப்பு சாவி திறந்த பிறகு உயிர் வருவது. இந்த மூன்றும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டும் துருவும் இருந்ததால் வந்தவைதான், அந்த இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்ததும் விளக்குகள் எரிந்தன. இந்தப் பழைய அமைப்பில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தத் தனிக் கருவி இல்லை, பல்புகளும் பேட்டரியும் இழுக்கும் அளவுதான் கட்டுப்பாடு. அதனால் ஒரு பல்பு போனால் அல்லது வாட் குறைவான பல்பைப் போட்டால் மற்றவையும் வரிசையாகப் போகும். எல்ஈடி போட ஆசைப்படுகிறவர்கள் இதை யோசித்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது பாயிண்ட், பிளக்கில் தீப்பொறி எப்போது வர வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்ன சுவிட்ச். அதன் இடைவெளி 0.3-லிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள். எப்போது திறக்கிறது என்று கண்டுபிடிக்க அப்பா ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். பாயிண்டுகளுக்கு நடுவே சிகரெட் சுற்றும் மெல்லிய தாளைச் செருகி, லேசாக இழுத்தபடி ஃபிளைவீலைத் திருப்ப வேண்டும், தாள் விடுபடும் கணத்தில் ஃபிளைவீலின் ‘எஃப்’ குறி நேராக வந்திருக்க வேண்டும். மீட்டரெல்லாம் வைத்துப் பார்த்தேன், அந்தத் தாள் சொன்னதையேதான் அதுவும் சொன்னது.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது மட்டும் கவனம். அந்தக் காலத்து பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஊதாதீர்கள், காற்றழுத்தக் குழாயும் வேண்டாம், முகக்கவசம் போட்டு ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது, ஆனாலும் மாற்றினேன். ரப்பர் வயதாவது கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000-க்கு முந்தியது, அதில் ஓட்டவே கூடாது.

உடம்புக்கு வந்தபோது வீட்டில் வாக்குவாதம் ஆனது. மனைவியும் பிள்ளைகளும் புத்தம்புதிதாகப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். கேரியரின் இடுக்குகளிலும் சட்டத்தின் மடிப்பிலும் கறுத்துப்போய் இறுகிய ஒட்டுப்பால் இருந்தது, அப்பா கொட்டிய பால்தான் அது, நாற்பது வருஷத்துக்கு முந்தியது. பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் அதைச் சுரண்டியாக வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. துருப் பிடித்த இடங்களை மட்டும் தேய்த்து, துரு நிறுத்தி தடவி, நிறம் பொருத்தித் தொட்டுவிட்டேன், மற்ற இடத்தில் பழைய நீலத்தைப் பாலிஷ் போட்டே மீட்டேன். கேரியரை அப்படியே விட்டேன். காலுக்கு முன்னால் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கவசம் விரிசல் விட்டிருந்தது. அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை நிற்காது. அதே வகைப் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, சால்டரிங் இரும்பால் உருக்கி உள்பக்கமிருந்து பற்ற வைத்தேன், நிற்கிறது.

முதன்முதலாக வண்டி எடுப்பவர்களுக்கு நான் இந்தக் கப் வகையைத்தான் சொல்வேன். 1958-இல் ஹோண்டா முதல் சூப்பர் கப்பை விட்டபோது, சோபா நூடுல்ஸ் கொண்டுபோகும் பையன் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்ட முடிய வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று, கிளட்ச் கைப்பிடி இல்லாததற்கு அதுதான் காரணம். 2017-இல் இந்தக் குடும்ப வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தொட்டது. அத்தனை வண்டி இருப்பதால் இன்றும் கேஸ்கெட்டிலிருந்து கேபிள் வரை கிடைக்கிறது. ஆனால் மலிவான பாயிண்ட் செட் வாங்காதீர்கள், நான் வாங்கிய ஒன்றில் கேமோடு உரசும் நார்க்கட்டை இரண்டே வாரத்தில் தேய்ந்து டைமிங் போனது. பழைய சரக்கு வைத்திருக்கும் சின்ன ஊர் மோட்டார் கடைகளில் கேளுங்கள். ஈப்போவில் ஒரு தௌக்கே (கடை முதலாளி) மேல்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்த ஜப்பான் பாயிண்ட்தான் இப்போது வண்டியில் இருக்கிறது. எனக்கு மொத்தம் ஏறக்குறைய 2,400 வெள்ளி ஆனது, அதில் கருவிகளுக்கு மட்டும் 600 போயிருக்கும்.

எண்ணெய் விஷயம் ஒன்று. கிளட்ச் இஞ்சின் எண்ணெய்க்குள்ளேயே ஓடுவதால் கார் எண்ணெய் ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கும். அளவுகோலைத் திருகாமல், சும்மா உள்ளே நிறுத்திப் பார்க்க வேண்டும். முதல் எண்ணெயை நூறு கிலோமீட்டரிலேயே வடித்துவிடுங்கள், அதில் மின்னும் தூளைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஜூலையில் ஒரு ஞாயிறு காலை, மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு “பின்னால லேட்டா அடிக்குது, கொஞ்சம் முன்னால தள்ளு” என்றார். தாளை வைத்துப் பார்த்தேன். ‘எஃப்’ குறி ஒரு நூல் தாண்டித்தான் திறந்தது.

ஆகஸ்டில் அவரைப் பின்னால் உட்கார வைத்து அந்தப் பழைய தோட்டத்துப் பக்கம் போனோம், சித்தப்பா வீடு வரை வேனில் ஏற்றிப்போய் அங்கிருந்து. பால் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் வீடுகளான லயம் இருந்த இடத்தை அவரால் காட்ட முடியவில்லை, நிறுவை இருந்த மேட்டை மட்டும் காட்டினார். முன்பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு மேலே எழும்பும், முன்சக்கரத் தொங்கலின் அமைப்பு அப்படி. அந்த மேட்டில் இறங்கும்போது அது எழும்பியதும் பின்னாலிருந்து அப்பா என் தோளைத் தட்டி, “பின்பிரேக்கையும் சேர்த்துப் பிடிடா” என்றார். திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன், விரலுக்கு அடியில் ஒட்டுப்பால் சொரசொரவென்று இருந்தது.